காலையில் எரியும் கண்: ஓர் இரவுப் பணிக்காரனின் அனுபவம்

நாளிதழ் அலுவலகத்தில் இரவு டெஸ்க்கில் வேலை பார்ப்பவர்களுக்குக் கண் சிவந்திருப்பது ஒரு நோயாகவே தெரியாது. யாராவது விசாரித்தால் "நைட் ஷிஃப்ட்" என்று சொல்லிவிட்டு அடுத்த செய்தியைத் திறப்போம். மதுரையில் அப்படியொரு டெஸ்க்கில் நான் பல வருடங்களாக உதவி ஆசிரியர். வெளியூர்களுக்குப் போகும் பதிப்பு முதலில் முடியும், நகரப் பதிப்பு கடைசியில். முதல் பக்கத்தை அனுப்பிவிட்டு எழுந்தால் மணி ஒன்றரை, இரண்டு. இரவு கிரிக்கெட் மேட்ச், கட்சிகள் வேட்பாளர் பட்டியல் வெளியிடும் நாள் என்றால் கேட்கவே வேண்டாம்.

வீட்டுக்கு வந்தவுடன் தூக்கம் வராது. தலைக்குள் இன்னும் தலைப்புகள் ஓடிக்கொண்டிருக்கும். செல்போனைப் பார்த்தபடி நாலு மணிக்குக் கண்ணயர்ந்தால் ஏழு மணிக்குப் பள்ளி வேன் ஹார்ன். பிள்ளைகளை அனுப்பிவிட்டு மறுபடி படுத்தால் ஒன்பது மணிக்கு மேல் தக்காளி வண்டி, கேஸ் சிலிண்டர், கூரியர் பையன். கூட்டிப் பார்த்தால் ஐந்து மணி நேரம்கூடத் தேறாது. அதுவும் துண்டு துண்டாக.

கண் உறுத்தல் இதற்கு நடுவில்தான் கூடிக்கொண்டே போனது. மண் விழுந்தது போல ஒரு நறநறப்பு. ஏ.சி. காற்று பட்டால் நீர் வழியும். கண்ணீரே வழியும்போது கண் எப்படி வறண்டிருக்கும் என்று நமக்குத் தோன்றும். வறட்சியால் உறுத்தல் வந்தால் கண் திடீரென்று நீரைக் கொட்டுமாம். ஆனால் அது கண்ணில் தங்காமல் கன்னத்தில் வழிந்துவிடுகிற நீர். எண்ணெய்ப் பசையும் சளிப் பசையும் சரியாகக் கலந்த கண்ணீர்தான் கண்மேல் படலமாக நிற்கும்.

டெஸ்க்கில் எல்லோரும் சொன்ன காரணம் கம்ப்யூட்டர். அதில் உண்மை இருக்கிறது. சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து இருபது தடவை இமைக்கும் நாம், திரையை உற்றுப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. இமைப்பதிலும் பாதி அரைகுறைதான். பிழை திருத்தும் வேலையில் ஒரு வரியில் ஒற்றெழுத்தைத் தேடும்போது மூச்சுகூட விடுகிறோமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

நான் காட்டிய கண் மருத்துவர் ஒரு பெண்மணி. பவர் பார்த்து முடித்ததும் முதலில் கேட்ட கேள்வி இதுதான்: "எரிச்சல் எப்போ அதிகமா இருக்கும், சார்? வேலை முடியும்போதா, தூங்கி எழும்போதா?"

எழும்போதுதான், கண்ணைத் திறக்கவே சிரமமாக இருக்கும் என்றேன். உடனே அவர் பேனாவைக் கீழே வைத்தார். திரையால் மட்டும் வருகிற வறட்சி பொதுவாக நேரம் போகப் போகக் கூடும், வேலை முடியும்போது உச்சத்தில் இருக்கும், தூங்கி எழுந்தால் கொஞ்சம் தணிந்திருக்கும். எழும்போதே மோசமாக இருந்தால் தூக்கத்தில் ஏதோ நடக்கிறது, அல்லது தூக்கமே சரியில்லை, அல்லது இமை ஓரத்தில் அழற்சி இருக்கிறது. மஞ்சள் சாயம் தொட்ட காகிதத்தை இமைக்குள் ஒற்றிவிட்டு, தாடையை வைத்துப் பார்க்கும் கருவியில் நீல ஒளி போட்டுப் பார்த்தார். கருவிழியின் கீழ்ப்பகுதியில் மட்டும் புள்ளி புள்ளியாகச் சாயம் ஒட்டியிருந்தது. அங்கே மேல்தோல் காய்ந்து சிராய்த்திருக்கிறது என்று அர்த்தம்.

"தூங்கும்போது உங்களுக்குக் கண்ணு முழுசா மூடுதா? வீட்ல கேட்டுட்டு வாங்க."

வீட்டில் கேட்டேன். மனைவி சிரித்துவிட்டாள். "இதை இப்பத்தான் கேக்குறீங்களா? கல்யாணம் ஆன புதுசுல நீங்க முழிச்சிக்கிட்டு இருக்கீங்கன்னு நெனச்சு நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருப்பேன். பதிலே வராது."

இமை முழுக்க மூடாமல் தூங்குகிறவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். பெரும்பாலும் ஒரு கோடு அளவுக்குத்தான் திறந்திருக்கும். கண்ணை மூடினால் விழி மேல்நோக்கி உருளுவது இயல்பு. அதனால் இடைவெளியில் தெரிவது பெரும்பாலும் வெள்ளையும் கருவிழியின் அடிப்பாகமும்தான். எனக்குக் கீழ்ப்பகுதி மட்டும் சிராய்த்திருந்ததன் காரணம் இதுதான். தூக்கத்தில் கண்ணீர்ச் சுரப்பு வெகுவாகக் குறைந்துவிடும். இமை மூடியிருப்பதால் அவ்வளவு நீர் தேவையும் இல்லை. ஆனால் மூடாத கண்ணுக்குச் சுரப்பும் கிடையாது, மூடியும் கிடையாது. அதற்கு நேர் எதிரே நான் வைத்திருந்தது ஒரு டேபிள் ஃபேன். மதுரை வெயிலில் பகலில் தூங்குகிறவனுக்கு ஃபேன் இல்லாமல் எப்படி?

ஃபேனை நிறுத்த வேண்டியதில்லை. கால் பக்கம் வைத்து, சுவரில் பட்டுத் திரும்பும்படி திருப்பினேன். படுக்கும் முன் கண்ணுக்குள் போட ஒரு பசை மருந்து. போட்டதும் பார்வை மங்கும், ஆகவே விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பதைத் தவிர வேறெதுவும் செய்ய முடியாது. செல்போனைத் தூக்கிப் போட வைத்ததில் அந்தப் பசைக்குத்தான் முதல் பங்கு. பசை போட்டவன் வாட்ஸ்அப் பார்க்க முடியாது.

இது பாதிதான் என்றார் மருத்துவர். மீதி, தூக்கத்தின் அளவு. இதை அவர் விளக்கிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. கருவிழியின் மேலிருக்கும் கண்ணாடி போன்ற படலத்தில் ரத்தக் குழாய் கிடையாது. விழித்திருக்கும்போது கண்ணீர்ப் படலத்தின் வழியாகக் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது, மூடியிருக்கும்போது இமையின் உட்பக்க ரத்தக் குழாய்களிலிருந்து. நாள் முழுக்கக் காற்றிலும் தூசியிலும் தேய்ந்த மேல்தோலுக்கு ஓய்வு கிடைப்பது அந்த மூடிய நேரத்தில்தான். கண்ணீர்ச் சுரப்பியை இயக்குவதோ நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத நரம்புகள். தூக்கம் கெட்டால் உடம்பு பரபரப்பு நிலையிலேயே இருக்கும். அந்த நிலையில் செரிமானம் குறைவது போலவே கண்ணீர்ச் சுரப்பும் குறையும். தென் கொரியாவில் ஆரோக்கியமான இளைஞர்களை ஓர் இரவு முழுக்கத் தூங்கவிடாமல் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 2014இல் வெளியான ஆய்வு அது. மறுநாள் அவர்களுக்குக் கண்ணீர் குறைவாகச் சுரந்தது, உப்பு அடர்த்தி கூடியிருந்தது, படலம் சீக்கிரமே கலைந்தது. கண்ணில் எந்தக் கோளாறும் இல்லாதவர்களுக்கு ஒரே ராத்திரியில் இவ்வளவு.

ஆக, பகல் தூக்கத்தைச் சரிசெய்வதுதான் வைத்தியம் என்று ஆனது. சொல்வது சுலபம்.

பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். பிள்ளை குட்டியோடு இருக்கும் இரவுப் பணிக்காரனுக்கு ஒரே மூச்சில் ஏழு மணி நேரம் கிடைக்காது. அதற்காக ஏங்கிக்கொண்டிருப்பதைவிட, உடையாத ஐந்து மணி நேரத்தைப் பிடித்துக்கொள்வது மேல் என்பது என் முடிவு. மூன்று மணி முதல் எட்டு வரை யாரும் என்னை எழுப்பக் கூடாது. பள்ளி வேன் மனைவியின் பொறுப்பு, மாலையில் டியூஷனுக்கு அழைத்துப்போவது என் பொறுப்பு என்று பங்கு பிரித்தோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அலுவலகம் கிளம்பும் முன் இன்னும் ஒன்றரை மணி நேரம். காலிங் பெல்லுக்கு ஒரு சுவிட்ச் போட எலக்ட்ரீஷியனுக்குக் கொடுத்த பணம்தான் என் கண்ணுக்காக நான் செய்த செலவிலேயே உருப்படியானது. ஆடி மாசத்தில் கோயில் ஒலிபெருக்கிக்கு மட்டும் சுவிட்ச் இல்லை. காதில் பஞ்சு அடைப்பான்தான்.

ஜன்னலுக்கு அடர்நிறத் துணியில் திரை. இதற்கும் கண்ணுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. விழித்திரையில் உருவத்தைப் பார்க்கும் செல்களைத் தவிர, வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் மூளையின் கடிகாரத்துக்குச் சொல்லும் வேறு வகை செல்களும் உண்டு. 2002 வாக்கில்தான் இது உறுதியானது. நீல ஒளிக்கு அவை அதிகம் விழித்துக்கொள்ளும். பகல் வெளிச்சத்தில் அது ஏராளம். கண் மூடியிருந்தாலும் இமை வழியாகக் கொஞ்சம் உள்ளே போகும், எனக்கோ இமையும் முழுக்க மூடாது. பார்வையை முழுதும் இழந்தவர்களில் பலருக்கு இரவு பகல் தூக்கக் கணக்கே நழுவிப்போவது இந்தச் செய்தி மூளைக்குப் போகாததால்தான். தூக்கம் கண்ணைக் காப்பது போல, கண்ணும் தூக்கத்தை நடத்துகிறது.

நீல ஒளி என்றதும் கண்ணாடிக் கடைக்காரர்கள் நினைவுக்கு வருவார்கள். புதுக் கண்ணாடி போடப்போகிற ஒவ்வொருவரிடமும் "ப்ளூ கட் போட்டுக்கோங்க சார், கம்ப்யூட்டர் வேலைன்னா கட்டாயம்" என்று கூடுதலாக ஒரு தொகை கேட்கிறார்கள். 2023இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு இருக்கிற ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து, திரை பார்ப்பதால் வரும் கண் சோர்வை இந்தக் கண்ணாடிகள் குறைப்பதாகத் தெரியவில்லை என்று சொன்னது. அந்தப் பணத்துக்கு நல்ல திரைத்துணி வாங்கலாம் என்பேன்.

அம்மாவோடு ஒரு சிக்கல். எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் பகலில் தூங்கினால் கண் கெடும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சனிக்கிழமை நல்லெண்ணெய், அப்புறம் பகல் முழுக்க விழித்திருக்க வேண்டும், ராத்திரி வேலைக்கும் போக வேண்டும். "பகல்ல படுக்காதப்பா, கண்ணு அவிஞ்சு போயிரும்" என்று கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார். பகலிலும் விழித்து ராத்திரியிலும் விழித்தால்தான் அவிந்துபோகும் என்று வாதாடிப் பார்த்தேன், எடுபடவில்லை. கடைசியில் எண்ணெய்க் குளியலை என் வார விடுமுறை நாளுக்கு மாற்றினோம். சட்டமும் நின்றது, தூக்கமும் நின்றது.

இடது கண் துடித்த கதையும் உண்டு. கீழிமை ஓரம் விட்டுவிட்டுத் துடிக்கும். கண்ணாடியில் பார்த்தால் லேசாகத்தான் தெரியும், ஆனால் எனக்கு முகமே ஆடுவது போல இருக்கும். ப்ரூஃப் பிரிவில் மூத்தவர் ஒருவர் "ஆம்பளைக்கு இடது துடிச்சா ஆகாதுப்பா" என்று விபூதி கொடுத்தார். பூசிக்கொண்டேன். துடிப்புக்குக் காரணம் நடுராத்திரிக்கு மேல் குடித்த காபி. தூக்கக் குறைவு, களைப்பு, காபி மூன்றும் சேர்ந்தால் இமைத் தசை இப்படித் துடிக்கும், ஆபத்தில்லை, சில நாளிலோ சில வாரத்திலோ அடங்கிவிடும். காபியின் வேகம் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஒரு மணிக்குக் குடித்தது ஆறு மணிக்கும் பாதி உள்ளே இருக்கும். பதினொரு மணியோடு காபியை நிறுத்தினேன். துடிப்பு நின்றது, விபூதிக்கும் ஒரு பங்கு இருக்கட்டும். வாரக்கணக்கில் விடாமல் துடித்தாலோ, கண்ணே இறுக மூடிக்கொண்டாலோ, கன்னமும் வாயும் சேர்ந்து இழுத்தாலோ அது வேறு விஷயம், மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அதே மூத்தவர் பற்றி இன்னொன்று. பயங்கரமாகக் குறட்டை விடுவார். இரவு ஓய்வறையில் அவர் படுத்தால் மற்றவர்கள் எழுந்து போய்விடுவோம். நடுவில் குறட்டை சட்டென்று நிற்கும், கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது, அப்புறம் திணறி எழுவார். அவருக்கு எப்போதும் வலது கண்ணில் நூல் நூலாகப் பீளை, சிவப்பு. என்ன மருந்து போட்டாலும் திரும்ப வரும். கடைசியில் ஒரு கண் மருத்துவர் மேலிமையைப் பிடித்து லேசாக இழுத்திருக்கிறார். ரப்பர் மாதிரி மடங்கித் திரும்பிக்கொண்டதாம். இப்படித் தளர்ந்த இமை, தூக்கத்தில் மூச்சு நிற்கும் கோளாறு உள்ளவர்களிடம் அதிகம். வலது பக்கமாகவே படுப்பதால் அந்த இமை தலையணையில் உரசிப் பிரண்டிருக்கிறது. கண்ணுக்குப் போனவரைத் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இப்போது மூச்சு நிற்காமல் காற்றை அழுத்தி அனுப்பும் கருவியின் முகமூடியை மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்குகிறார். முகமூடி சரியாகப் பொருந்தாவிட்டால் அதன் ஓரம் கசியும் காற்றே கண்ணைக் காயவைக்கும் என்பதால் அதையும் மாற்றவேண்டி வந்தது.

குறட்டையை நாம் கேலியோடு விட்டுவிடுகிறோம். மூச்சு நின்று நின்று வருவதால் ஆக்சிஜன் குறைவது பார்வை நரம்புக்கு நல்லதல்ல. கிளாகோமா என்கிற கண் அழுத்த நோய்க்கும் இந்தக் கோளாறுக்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஒன்றுதான் இன்னொன்றை உண்டாக்குகிறது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் குறட்டையும் பகல் அசதியும் உள்ளவர், நாற்பது தாண்டியிருந்தால், கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. கிளாகோமாவில் பெரும்பாலும் ஆரம்பத்தில் வலியும் இருக்காது, மங்கலும் இருக்காது.

சொட்டு மருந்து விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கறாராகப் பேசுவேன். மெடிக்கல் ஷாப்பில் "கண்ணு செவந்திருக்கு" என்றால் கையில் கிடைப்பதைக் கொடுத்துவிடுகிறார்கள். சிவப்பை உடனே போக்கும் மருந்துகள் ரத்தக் குழாய்களைச் சுருக்கித்தான் வேலை செய்கின்றன. தொடர்ந்து போட்டால் மருந்து தீர்ந்ததும் முன்னைவிடச் சிவக்கும். அதைவிட மோசம் ஸ்டீராய்டு கலந்தவை. போட்டதும் சொர்க்கமாக இருக்கும். மாதக்கணக்கில் போட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும், கண்புரை வரும். தூக்கம் கெட்டதால் வந்த சிவப்புக்குப் பார்வையை விலையாகக் கொடுப்பானேன்? உலர்வுக்கு வெறும் செயற்கைக் கண்ணீர் போதும். அதையும் ஒரு நாளைக்கு நாலைந்து தடவைக்கு மேல் போடவேண்டியிருந்தால், பதப்படுத்தும் மருந்து கலக்காத வகையைக் கேட்டு வாங்க வேண்டும். பன்னீர், விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதுவும் கண்ணுக்குள் வேண்டாம். இமை மேல் இளஞ்சூட்டுத் துணி ஒற்றடம் கொடுத்தால் இமை ஓரச் சுரப்பிகளில் உறைந்த எண்ணெய் இளகும், அது நல்லது. தூக்கம் வரும்போதெல்லாம் குழாய்த் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொள்வோமே, அதில் கண்ணுக்கு ஒரு பலனும் இல்லை. இருக்கிற கண்ணீரையும் கழுவிவிடும்.

எங்கள் நிருபர் தங்கை ஒருத்தி கான்டாக்ட் லென்ஸோடு நாற்காலியிலேயே ஒரு மணி நேரம் தூங்குவாள். லென்ஸோடு தூங்கினால் கருவிழியில் தொற்று வரும் அபாயம் ஆறு முதல் எட்டு மடங்கு கூடும் என்கிறார்கள். குட்டித் தூக்கமும் அதில் சேர்த்திதான். இப்போது பையில் டப்பா வைத்திருக்கிறாள், கழற்றிவிட்டுத்தான் சாய்கிறாள்.

என் கண்ணுக்கு வருவோம். ஃபேன், பசை, உடையாத தூக்கம், காபி இவ்வளவும் சேர்ந்து, காலையில் கண்ணைத் திறக்கும் வேதனை சில வாரங்களில் போய்விட்டது. பைபாஸ் ரோட்டில் வண்டியில் திரும்பும்போது எதிரே வரும் லாரியின் முகப்பு விளக்கு இரண்டிரண்டாகத் தெரியும், அதுவும் குறைந்துவிட்டது. களைத்த கண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகத் தவறும்போது இப்படி ஆவதுண்டாம். அடிக்கடி வந்தால் பரிசோதிக்க வேண்டும், வந்த நேரத்தில் வண்டியை ஓரம் கட்ட வேண்டும். ஏ.சி.யின் கீழ் உட்கார்ந்தால் இன்னமும் எரிகிறது, இடத்தை மாற்றிக்கொண்டேன். பிழை திருத்தும்போது எழுத்து கிட்டத்தில் மங்குவதற்கும் தூக்கத்துக்கும் சம்பந்தமில்லை. அது வெள்ளெழுத்து, வயசுக்கு வருவது, கண்ணாடிதான் மருந்து. கண்ணடியில் கருவளையம் அப்படியேதான் இருக்கிறது. அது தோலின் பிரச்சினை, கண்ணின் பிரச்சினை அல்ல என்று நான் கவலைப்படுவதை விட்டுவிட்டேன்.

தூங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று இதைப் படிக்கிறவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. லேஅவுட்டில் இருந்த தம்பி ஒருவன் தீபாவளி மலர் வேலைக்காக இரட்டை ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நாள், பத்திக்கு நடுவே போடும் கோடு திரையில் வளைந்து தெரிகிறது, மானிட்டர் போச்சு என்றான். மற்றவர்களுக்கு நேராகத்தான் தெரிந்தது. ஒரு கண்ணை மூடிப் பார்த்தபோதுதான் கோளாறு அவன் வலது கண்ணில் என்று புரிந்தது. விழித்திரைக்கு அடியில் நீர் கோத்திருந்தது. நடுவயது ஆண்களுக்கு, மன அழுத்தம், தூக்கக் கேடு உள்ளவர்களுக்கு, ஸ்டீராய்டு பயன்படுத்துகிறவர்களுக்கு இது அதிகம் வருவதாகச் சொன்னார்கள். அவன் தோல் அரிப்புக்கு ஒரு களிம்பு தடவிக்கொண்டிருந்தான். அதிலும் ஸ்டீராய்டு. அதை நிறுத்தி, ஷிஃப்டைக் குறைத்து, ஸ்கேன் எடுத்துக் கண்காணித்ததில் சில மாதங்களில் நீர் தானாகவே வடிந்தது. எல்லோருக்கும் அப்படித் தானாக வடியும் என்று சொல்ல முடியாது, சிலருக்கு சிகிச்சை தேவைப்படும்.

இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும். எனவே வாரம் ஒரு முறை, ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு கதவு நிலையையோ ஜன்னல் கம்பியையோ பாருங்கள். கோடு வளைந்தாலோ, நடுவில் நிழல் விழுந்தாலோ, திடீரென்று பார்வை குறைந்தாலோ, வெளிச்சம் பார்க்க முடியாத அளவு வலியோடு கண் சிவந்தாலோ தூங்கி எழுந்து பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.